ப்ரோக்கோலி சாப்பிட்டால் நுரையீரல் தூசு போய்விடுமா? பீங்கான் ஊரின் சமையலறைக்கு ஒரு விளக்கம்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று பழமலைநாதர் கோயில், இன்னொன்று பீங்கான். கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று வீட்டில் ஏதோ ஒரு மூலையில் இந்த ஊர்ச் சரக்கு இருக்க வாய்ப்புண்டு. களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் பொடிகளைக் கலந்து, அச்சில் வார்த்து, காயவைத்து, ஆயிரம் டிகிரியைத் தாண்டும் சூளையில் சுட்டால்தான் பீங்கான். இந்த வேலையோடு ஒட்டிக்கொண்டே வருவது தூசு.

தூசு வேலைக்குப் போகிறவர்களிடம் "வெல்லம் சாப்பிடு, நெஞ்சுல இருக்கறது இறங்கிடும்" என்று பெரியவர்கள் சொல்வது பழைய பழக்கம். இப்போது அந்த வெல்லத்தின் இடத்துக்கு ப்ரோக்கோலி வந்திருக்கிறது. 'நுரையீரல் டீடாக்ஸ்' என்று ரீல்ஸ் ஓடுகிறது; கோஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி சாப்பிட்டால் உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் சிக்கலே.

சீனாவில் நடந்தது என்ன?

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் சிடோங் என்ற பகுதி. காற்று மாசு அதிகம் உள்ள இடம். அங்கே 291 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குத் தினமும் ப்ரோக்கோலி முளைப்பயிரில் தயாரித்த பானம், மற்றவர்களுக்கு அது சேர்க்காத பானம். முளைப்பயிர் பானம் குடித்தவர்களின் சிறுநீரில் பென்சீன் கழிவு 61 சதவீதமும், அக்ரோலின் கழிவு 23 சதவீதமும் கூடுதலாக வெளியேறியது. வாகனப் புகையில் இருக்கும் நச்சுகள் இவை. ஆக, உடம்பு அவற்றை வேகமாக வெளியே தள்ள இந்தக் காய்க் குடும்பத்தின் சத்து உதவுகிறது என்பது உண்மைதான்.

ஆனால் பென்சீன் ரத்தத்தில் கலக்கும், கல்லீரலுக்குப் போகும், அங்கே வேறு பொருளாக மாறி சிறுநீரில் வெளியேறும். பீங்கான் பட்டறைத் தூசில் இருக்கும் சிலிக்கா அப்படி இல்லை. அது நுண்ணிய கல். நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய் உட்கார்ந்துவிடும். அதை விழுங்க வரும் பாதுகாப்பு செல்கள் செத்துப்போகும். அந்த இடத்தில் தழும்பு விழும். இதுதான் சிலிக்கோசிஸ். விழுந்த தழும்பை ஆற்ற மருந்து கிடையாது, காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய தொழில்நோய்களில் இதுவும் ஒன்று. வெல்லமோ ப்ரோக்கோலியோ எந்தக் காயோ அந்தக் கல்லைக் கரைக்காது. பொடியை ஈரமாக்கிக் கையாள்வது, தூசை உறிஞ்சும் ஃபேன், முகத்தில் நன்றாகப் பொருந்தும் என்95 மாஸ்க், இவைதான் காப்பாற்றும். வாயைச் சுற்றிக் கட்டும் துண்டு போதாது. இருமல் விடாமல் இருந்தால் "தூசு வேலை பார்க்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுப்பதுதான் முதல் வேலை.

அப்போ கோஸை விட்டுவிடலாமா? வேண்டாம். வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன.

எந்தெந்தக் காய் இந்தக் குடும்பம்?

இவற்றின் பூவில் நான்கு இதழ்கள் சிலுவை மாதிரி இருக்கும். அதனால் சிலுவைப்பூக் குடும்பம் என்று பெயர். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி, நூக்கல், முள்ளங்கி, டர்னிப், கடுகு எல்லாம் சொந்தக்காரர்கள். கேரட், பீன்ஸ், பீட்ரூட், சௌசௌ இதில் சேராது. 'இங்கிலீஷ் காய்' என்று ஒரே கூடையில் போட்டுப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் அது.

கொஞ்சம் தூரத்து உறவாக முருங்கையும் உண்டு. குடும்பம் வேறு, ஆனால் இரண்டும் ஒரே தாவர வரிசை. இந்தக் காய்களின் கார நெடிக்குக் காரணமான குளுக்கோசினோலேட் வகைச் சத்து முருங்கையிலும் இருக்கிறது. ப்ரோக்கோலி விலையைப் பார்த்து மலைத்து நிற்பவர்கள் கொல்லையில் நிற்கும் மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம்.

புற்றுநோயைத் தடுக்குமா என்ற கேள்விக்கு, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் தனியாக ஒரு கையேடே போட்டது. வயிறு, நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஓரளவு குறையக்கூடும் என்பதுதான் அதன் நிதானமான முடிவு. 'ஓரளவு' என்ற வார்த்தையை ரீல்ஸ்காரர்கள் விட்டுவிடுகிறார்கள்.

சூடு பட்டால் என்ன ஆகும்?

சூளையில் எவ்வளவு சூடோ அவ்வளவுக்குப் பீங்கான் உறுதி. கோஸ் விஷயம் நேர் எதிர். காயை நறுக்கும்போது செல்கள் உடையும்; உள்ளே தனித்தனியாக இருந்த குளுக்கோசினோலேட்டும் மைரோசினேஸ் என்ற நொதியும் சந்திக்கும். அப்போதுதான் சல்ஃபோராஃபேன் போன்ற பயனுள்ள பொருள்கள் உருவாகும். நறுக்கிய உடனே கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அந்த நொதி வேலை தொடங்கும் முன்பே செத்துவிடும். குடலில் உள்ள பாக்டீரியா கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான். அதனால் முதலில் கோஸை நறுக்கி வைத்துவிட்டு, அரை மணி நேரம் மற்ற வேலை பார்த்துவிட்டு, கடைசியாக அடுப்பில் ஏற்றுவது நல்லது. நிறைய தண்ணீர் வைத்து வேகவிட்டு வடித்தால் வைட்டமின் சி-யும் சேர்ந்து சாக்கடைக்குப் போகும். தண்ணீர் தெளித்து, மூடி, பாதி மொறுமொறுப்பில் இறக்கினால் போதும். ரொம்ப நேரம் வெந்தால்தான் அந்தக் கந்தக நாற்றம் வரும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது காயைப் பார்த்தல்ல, அந்த வாடைக்குத்தான்.

இங்கேதான் கடுகு உள்ளே வருகிறது. பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 12 பேருக்கு 200 கிராம் வெந்த ப்ரோக்கோலியைச் சும்மாவும், 1 கிராம் கடுகுப் பொடி தூவியும் கொடுத்தார்கள். பொடி தூவியபோது உடலில் சேர்ந்த சல்ஃபோராஃபேன் 4 மடங்குக்கும் அதிகம். காயில் செத்துப்போன நொதியைப் பச்சைக் கடுகு திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறது.

"நாங்கதான் தினமும் கடுகு தாளிக்கிறோமே" என்று தோன்றும். கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகில் அந்த நொதி மிஞ்சாது, வாசனை மட்டும்தான். பச்சையாக அரைத்த கடுகுக்குத்தான் அந்த வேலை தெரியும். தயிர்ப் பச்சடியில் கடுகு அரைத்துவிடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதே கடுகுப் பொடியை அரை டீஸ்பூன், கோஸ் பொரியலை இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் தூவிக் கிளறினால் முடிந்தது.

தைராய்டு இருந்தால்?

"தைராய்டா? கோஸ் பக்கமே போகாதீங்க" என்ற அறிவுரை கேட்காதவர்கள் குறைவு. இந்தக் காய்களில் அயோடினைத் தைராய்டு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது நிஜம். ஆனால் எவ்வளவு சாப்பிட்டால்? 2010-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவத்தில், 88 வயதுப் பெண் ஒருவர் சுகர் குறையும் என்று நம்பி, பாக் சோய் என்ற சீனக் கீரையைத் தினம் ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை பல மாதங்கள் பச்சையாகவே சாப்பிட்டு, தைராய்டு அடங்கிப்போய் தீவிர சிகிச்சை வரை போனார். ஒன்றரை கிலோ, பச்சையாக! வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு கப் வெந்த கோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேகவைத்தால் பாதிப்பு குறையும். அயோடின் உப்பு பயன்படுத்தும் வீட்டில் பயம் இன்னும் குறைவு. பச்சைக் கோஸ் ஜூஸைத் தினமும் குடிப்பதைத்தான் தைராய்டு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் வேறு: வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள். இந்தக் காய்களில் வைட்டமின் கே இருப்பதால், ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் நிறுத்தினால் மருந்தின் அளவு ஆடும். அளவு மாறாமல் சாப்பிட வேண்டும், டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

புழு, நாடாப்புழு, கோபி 65

கோஸில் இருக்கும் பச்சைப் புழு மூளைக்குப் போகும் என்ற வாட்ஸ்அப் கதை ஓய்வதே இல்லை. அந்தப் புழு பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் குஞ்சு. மனித உடலில் அது வாழாது. மூளையைத் தாக்குவது பன்றி நாடாப்புழுவின் முட்டை. அசுத்தத் தண்ணீர், மண் வழியாக எந்தப் பச்சைக் காயிலும் அது ஒட்டலாம். வெளி இலைகளை எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் கழுவி, வேகவைத்தால் போதும். காலிஃப்ளவரைப் பூப்பூவாகப் பிரித்து உப்பு, மஞ்சள் கலந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுப்பது புழுக்களை வெளியேற்ற நம் வீடுகளில் ஏற்கனவே உள்ள வழிதான்.

பிள்ளைகள் காலிஃப்ளவர் சாப்பிடுவது சிவப்பாகப் பொரித்தால் மட்டும்தான் என்றால், அந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கணும். கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. அங்கே சோதித்த 171 மாதிரிகளில் 107-ல் அப்படிப்பட்ட நிறமிகள் இருந்தன. வீட்டில் காஷ்மீரி மிளகாய்த் தூள், இஞ்சி பூண்டு, அரிசி மாவு போட்டுப் பிசறி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் புரட்டினால் நிறமும் வரும், மொறுமொறுப்பும் வரும். வெட்டிப் போடும் அந்த இளம் பச்சை இலையும் தண்டும் கூட்டுக்கு ஆகும். முள்ளங்கி வாங்கும்போது கடைக்காரர் கிள்ளி எறியப் போகும் கீரையையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்ய அது முள்ளங்கியைவிட ருசி என்று சொல்கிறவர்கள் உண்டு.