வானிலிருந்து ஊரைக் காணல்

ஓர் ஊரை மேலிருந்து நோக்கும் வாய்ப்பு, நெடுங்காலம் வரையில், கோபுரத்தின் மீதோ குன்றின் மீதோ ஏறியவர்களுக்கும், பின்னர் ஆகாய விமானத்தில் பறந்தவர்களுக்கும் மட்டுமே கிட்டியதாகும். இன்றோ, கைப்பேசியில் இயங்கும் தேசப்படச் செயலியின் வாயிலாக எவரும் தாம் விரும்பிய நகரத்தை மேலிருந்து காணலாம். கூகுள் எர்த் என்னும் சாதனம் 2005-ஆம் ஆண்டில் பொதுமக்களின் உபயோகத்திற்கு வந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ‘புவன்’ என்னும் சாதனத்தை 2009 ஆகஸ்டு 12-ஆம் நாள் வெளியிட்டது. இவற்றைக் கொண்டு அறியத்தக்கது எது, அறிய இயலாதது எது என்பதைத் தென் அந்தமானிலுள்ள கராச்சர்மாவை உதாரணமாகக் கொண்டு விளக்கலாம். போர்ட் பிளேர் நகரத்தை (2024-ஆம் ஆண்டு முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜய புரம்) அடுத்து, அந்தமான் பெருவழிச் சாலையின் மீது அமைந்தது இவ்வூர்.

திரையில் தோன்றும் படம் ஒரே படமன்று. முதற்கண், உலகம் முழுவதும் பக்கத்திற்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தில் அடக்கப்படுகிறது. ஒரு படி நெருங்கினால் அச்சதுரம் நான்காகிறது. இன்னுமொரு படி நெருங்கினால் பதினாறாகிறது. பதினெட்டாவது படியில் சதுரங்களின் தொகை 6,800 கோடிக்கு மேற்படும். அப்பொழுது ஒரு புள்ளி, பூமத்திய ரேகைக்கு அருகில், தரையில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டரைக் குறிக்கும். இவற்றுள் காண்பவரின் திரைக்கு வேண்டிய சில சதுரங்களே கைப்பேசிக்கு அனுப்பப்படுகின்றன. அச்சிலவும் அந்தமானில் எளிதில் வந்து சேர்ந்தனவல்ல. சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பி வடம் இடப்பட்டு, 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்படும் வரையில், தீவுகளின் செய்தித் தொடர்பு துணைக்கோள்களின் குறுகிய திறனையே நம்பியிருந்தது. தன் ஊரின் படம் கட்டங்கட்டமாக நிரம்புவதைத் தீவுவாசி பொறுமையுடன் காத்திருந்து காண நேர்ந்ததில் வியப்பில்லை.

மேலிருந்து நோக்குவதில் தனிப்பயன் ஒன்று உண்டு. தரையில் நிற்பவருக்குப் புலப்படாத அமைப்பு அங்கே ஒருநோக்கில் விளங்கும். 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறைச்சாலை, நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு சிறகுகள் பிரியுமாறு அமைக்கப்பட்டது. அவற்றுள் எஞ்சியவை மூன்றே என்பதையும், மற்றவை நின்றிருந்த திசைகளையும், மேலிருந்து நோக்குவோர் எளிதில் உணர்வர்.

ஆயினும், படத்தின் நாள் எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அடுத்தடுத்த சதுரங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்டனவாக இருக்கலாம். மழைக் காலத்தில் மேகம் மறைத்துவிடுவதால், அந்தமானின் தெளிவான படங்கள் பெரும்பாலும் ஆண்டின் முதல் நான்கு மாதங்களைச் சேர்ந்தவையாகவே இருக்கும். 2023 ஜூலை 18-ஆம் நாள் திறக்கப்பட்ட விமான நிலையக் கட்டடத்தின் சிப்பி வடிவக் கூரை ஒரு படத்தில் காணப்படாவிடில், அது பழைய படமென்று துணியலாம்.

இதனினும் பெரிய குறை வேறொன்றாகும். நேர்மேலிருந்து நோக்குங்கால் உயரம் மறைந்துவிடுகிறது. மேட்டிலுள்ள வீடும் பள்ளத்திலுள்ள வீடும் ஒரே மட்டத்தில் இருப்பனவாகத் தோன்றும். இது அற்பக் குறையன்று என்பதைக் கராச்சர்மாவிலிருந்து பெருவழிச் சாலையிலேயே சற்றுத் தொலைவிலுள்ள சிப்பிகாட் காட்டுகிறது.

இன்று அப்பகுதியைத் திரையில் காண்பவருக்குச் சாலையை ஒட்டிப் பரந்த நீர்நிலை தென்படும். முன்பின் அறியாத ஒருவர் அதனை இயற்கையான ஏரியென்றே கொள்வர். ஆனால் அங்கே வயல்கள் இருந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தில், பூமியின் ஓடு சுமத்ராவிலிருந்து வடக்கு நோக்கிச் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளந்து நகர்ந்தது. போர்ட் பிளேர்ப் பகுதி தென்மேற்கே சில மீட்டர் பெயர்ந்ததோடு ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தும் போயிற்று. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையிலோ, தரை உயர்ந்து, பவளப் பாறைகள் நீருக்கு மேல் தோன்றின. சிப்பிகாட் வயல்களில் நீர் நிலைத்ததற்கு ஆழிப்பேரலையைக் காரணங் கூறுவது முற்றிலும் பொருந்தாது. அலை வந்து திரும்பிற்று. தரை தாழ்ந்துவிட்டமையால், உப்பங்கழியின் வழியே ஓதநீர் நாள்தோறும் உட்புகலாயிற்று. உழவர்கள் நெல்லும் காய்கறியும் பயிரிட்ட நிலம் உவர்நீரில் ஆழ்ந்தது. இன்று நீர்ப்பறவைகள் திரளும் அவ்விடத்தைக் காண வெளியூரார் வருகின்றனர்.

ஊரின் கூரைகளும் சாலைகளும் முன்னிருந்தவாறே படத்தில் தோன்ற, அவையனைத்தும் தாழ்ந்துவிட்ட செய்தியை விளிம்பிலுள்ள நீர் மட்டுமே அறிவிக்கிறது. அதனையும் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் அறியலாம். லாண்ட்சாட் துணைக்கோள்களின் பழைய படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டரைக் குறிப்பதாயினும், வயற்பரப்பையும் நீர்ப்பரப்பையும் வேறுபடுத்தி அறிய அது போதும். செயலியிலுள்ள காலக் கோட்டை 2004-க்கு முன்னும் பின்னுமாக நகர்த்தினால் இவ்வேறுபாடு புலனாகும்.

ஒப்பிடுவோர் ஓதத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். பெரு ஓத நாட்களில் போர்ட் பிளேரில் கடல்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்குவதால், காலையில் எடுத்த படத்திற்கும் மாலையில் எடுத்த படத்திற்குமே நீர்ப்பரப்பு மாறித் தோன்றலாம். 1881-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று கார் நிகோபார்ப் பூகம்பத்தால் எழுந்த அலைகளைப் பதிவு செய்தது அத்துறைமுகத்தின் ஓதமானி. படமெடுத்த நாளையும் வேளையையும் குறித்துக்கொண்டு, அவ்வேளையின் ஓத மட்டத்தோடு பொருத்திப் பார்த்த பின்னரே, நீர் எவ்வளவு தூரம் ஏறியுள்ளதென அளவையாளர் வரையறுக்கின்றனர்.