பச்சை காட்டும் பாக்கி

அண்மையில் திருப்பூர் சென்றிருந்தபோது, என்னிடம் பொருளாதாரம் படித்த மாணவர் ஒருவர் தம் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இருபது தையல் எந்திரங்களை வைத்துக்கொண்டு, ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் 'பவர் டேபிள்' பட்டறை அவருடையது. வர வேண்டிய பில் தொகைகள் எக்செல் விரிதாளில் வரிசையாக இருந்தன. எத்தனை நாளாகப் பணம் வரவில்லை என்பதற்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் கட்டங்கள் நிறம் பெற்றிருந்தன. "செவப்பு நாலே நாலு தானுங்க சார், மத்ததெல்லாம் பரவாயில்லீங்க" என்றார். நல்ல பச்சையாக இருந்த ஒரு கட்டத்தைப் பார்த்தேன். அதில் இருந்த எண் 52.

ஐம்பத்திரண்டு நாள் கடந்த பாக்கி எப்படிப் பச்சையாக இருக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எக்செலில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' என்றொரு வசதி உண்டு. ஒரு நிபந்தனையை நாம் எழுதிவைத்தால், அதற்குப் பொருந்தும் கட்டங்களுக்கு மென்பொருளே நிறமிடும். எக்செல் 97 பதிப்பில் இது அறிமுகமானபோது மூன்று நிபந்தனைகளுக்கு மட்டுமே இடமிருந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் 'கலர் ஸ்கேல்' எனப்படும் வண்ண அளவுகோல் வந்து சேர்ந்தது. நிபந்தனை எதையும் எழுத வேண்டியதில்லை. எண்களைத் தேர்ந்து ஒரு சொடுக்குச் சொடுக்கினால் போதும், நெடுவரிசை முழுவதும் வண்ணக்கோலம் ஆகிவிடும். என் மாணவர் பயன்படுத்தியது இதைத்தான்.

இங்கேதான் சிக்கல். வண்ண அளவுகோலுக்கு எது அதிகம், எது குறைவு என்று யாரும் சொல்வதில்லை. பட்டியலிலுள்ள மிகச் சிறிய எண்ணை ஒரு முனையாகவும், மிகப் பெரிய எண்ணை மறு முனையாகவும், இடைநிலை எண்ணை நடுவாகவும் அதுவே வைத்துக்கொள்கிறது. பட்டியலில் மிகக் குறைந்த தாமதம் 52 நாள் என்றால், 52 முழுப் பச்சை. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 140 நாள் பாக்கி சிவப்பாக இருக்கும் தாளில், வராக்கடன் என்று கைவிட்ட 400 நாள் பில் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். சிவப்பு அதற்குப் போய்விடும். 140 நாள் பாக்கி மஞ்சளுக்கு இறங்கிவிடும். கடன்காரர் எவரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமலேயே நிலைமை மேம்பட்டதாகத் தாள் காட்டும்!

பொருளாதார மாணவருக்கு இது புதிதன்று. வறுமையை அளப்பதில் இதே வழக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாட்டின் இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர் வறுமை அபாயத்தில் இருப்பவர்; இது ஒப்பீட்டு அளவை. நம் நாட்டில் இன்ன அளவு நுகர்வுக்குக் கீழே என்று கோடு வரைந்தோம். இது தனி அளவை. எல்லாரும் ஒருசேர ஏழையானால் முதல் அளவை அதைக் கண்டுகொள்ளாது. வகுப்பில் இதை ஆண்டுதோறும் நடத்தியவன் நான். கேட்டவர்களுள் ஒருவர்தாம் அன்று எதிரில் அமர்ந்திருந்தார்.

திருப்பூரின் நிலையும் இதுதான். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இவ்வூருடையது. ஆனால், ஒரு பனியன் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நிட்டிங், சாயமேற்றுதல், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங் என ஒவ்வொன்றும் வெவ்வேறு பட்டறையில், பெரும்பாலும் 'ஜாப் ஒர்க்' முறையில் நடக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் தாமதமாகப் பணம் அனுப்பினால், அந்தத் தாமதம் படிப்படியாக இறங்கிக் கடைசிப் பட்டறையில் வந்து தேங்குகிறது. அறுபது நாள், தொண்ணூறு நாள் என்பது வழக்கமாகிவிட்டது. எல்லாரும் தாமதிக்கும் ஊரில் ஒப்பீட்டு வண்ணம் தாமதத்தைக் காட்டாது. யார் கொஞ்சம் கூடுதலாகத் தாமதிக்கிறார் என்பதை மட்டுமே காட்டும்.

ஆகவே கோட்டைத் தாளுக்கு வெளியிலிருந்து எடுத்தாக வேண்டும். அந்தக் கோடு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன் 15ஆவது பிரிவு, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. அந்த நாள் எக்காரணத்தாலும் 45ஐத் தாண்டலாகாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தொலைபேசியிலேயே கூலி பேசி முடிக்கும் பட்டறைகள் எத்தனை என்பதை எண்ணிப்பார்த்தால், 45 என்பதே பலருக்குத் தாராளம் என்று விளங்கும். கெடு தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. விகிதம் 6 சதவீதம் எனக் கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். லட்ச ரூபாய்க்கு முதல் மாதம் மட்டும் 1,500 ரூபாய்.

நாளை எதிலிருந்து எண்ணுவது? பெரும்பாலோர் பில் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். சட்டம் எண்ணுவது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் குறை இருப்பதாக எழுத்தில் தெரிவிக்காவிட்டால், போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். மாதம் முழுதும் டெலிவரி சலானில் சரக்கை அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் ஒரே பில்லாகப் போடுவோர், முதல் வாரச் சரக்கின் மூன்று வாரக் கெடுவைத் தாமே விட்டுக்கொடுக்கிறார்கள். விரிதாளில் சலான் தேதிக்குத் தனி நெடுவரிசை வேண்டும் என்பது இதனால்தான்.

பிறகு விதியை எழுதுவது எளிது. ஒவ்வொரு வரியிலும் 15, 30, 45 என அந்த வாடிக்கையாளருக்கு உரிய கெடுவைக் குறித்துவிட வேண்டும். வண்ண அளவுகோலை நீக்கிவிட்டு, புதிய விதியில் 'ஃபார்முலா' என்பதைத் தேர்ந்து இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்க வேண்டும்: பணம் வந்த தேதிக்கான கட்டம் காலியா? இன்றைய தேதியிலிருந்து ஏற்பு நாளைக் கழித்தால் கெடுவைவிட அதிகமா? இரண்டுக்கும் ஆம் என்றால் சிவப்பு. வரி முழுவதும் நிறம் பெற, நெடுவரிசையின் எழுத்துக்கு முன் டாலர் குறி இட வேண்டும். இதை மறந்தால் நிறம் கண்ட இடத்தில் சிதறும்.

தேதிகளில்தான் கண்ணுக்குத் தெரியாத கண்ணி இருக்கிறது. பல கணினிகள் மாதத்தை முன்னும் நாளை அடுத்தும் எழுதும் அமெரிக்க முறையில் அமைந்திருக்கும். அதில் ஏப்ரல் 3ஐ 03/04/2024 எனத் தட்டினால், மார்ச் 4 என்று கொண்டு ஒரு மாதம் முன்பே சிவக்கும். 25/03/2024 எனத் தட்டினால், இருபத்தைந்தாவது மாதம் ஒன்று இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தைக் கழிக்க முடியாது. ஆகையால் அந்தப் பில் என்றைக்கும் சிவக்காது. தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டியிருந்தால் ஐயப்படலாம். தேதியே இடாமல் விட்டாலோ, 1900ஆம் ஆண்டிலிருந்து எண்ணி, நாற்பத்தைந்தாயிரம் நாளுக்கு மேல் பாக்கி என்று அலறும். என் மாணவரின் தாளில் இடப்பக்கம் ஒட்டிய தேதிகள் பதினொன்று இருந்தன.

இத்தனையும் எதற்கு? அவர் பெற்ற கடனுக்கு வங்கியின் கோடு நெகிழ்வதில்லை. தவணை 30 நாள் தாண்டினால் ஒரு வகை, 60 தாண்டினால் அடுத்த வகை, 90 தாண்டினால் வாராக்கடன் என ரிசர்வ் வங்கியின் விதி வகுத்திருக்கிறது. ஊரில் எல்லாருமே தாமதிக்கிறார்கள் என்பதற்காக அங்கே யாரும் பச்சை ஆவதில்லை. தர வேண்டியது தனி அளவையிலும், வர வேண்டியது ஒப்பீட்டு அளவையிலும் கணக்கிடப்படும் பட்டறை, இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறது.

வாங்குவோர் பக்கமும் ஒரு கோடு வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 'எச்' என்னும் கூறைச் சேர்த்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கெடு கடந்தும் மார்ச் 31 அன்று தராமல் இருக்கும் தொகையை, வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க இயலாது. பணம் தரும் ஆண்டில்தான் கழிக்கலாம். நல்ல நோக்கம்தான். ஆனால், வேலையே வேறிடம் போய்விடுமோ என்ற அச்சமும் உடனே எழுந்தது. அச்சத்தில் நியாயம் உண்டு. நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. 'உத்யம்' பதிவு இல்லாத பட்டறைக்கும் இதன் பயன் கிட்டுவது அரிது. அப்படிப்பட்டவரிடம் வேலையைக் கொடுத்தால் கெடுத் தொல்லை இல்லையே! புகார் செய்ய 'சமாதான்' இணையதளம் 2017இல் தொடங்கப்பட்டது. புகார் கொடுத்தபின் அதே வாடிக்கையாளரிடமிருந்து துணி வருமா என்பதற்கு இணையதளம் பதில் சொல்லாது. கெடுவைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவரிடமே விட்டுவைத்திருப்பது இச்சட்டத்தின் பெரும் பலவீனம் என்பது என் கருத்து.

அன்று மாலைக்குள் அவருடைய தாளைத் திருத்தி முடித்தோம். நான்காக இருந்த சிவப்பு இருபத்தேழு ஆயிற்று. சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே ஆரஞ்சு நிறம் காட்டும்படி இன்னொரு விதியை அவரே எழுதினார். வட்டிக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்தோம்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். ஆரஞ்சு விழுந்ததுமே அந்தந்த நிறுவனத்தின் கணக்காளருக்கு வாட்ஸ்அப்பில் பட்டியலை அனுப்புகிறாராம். இரண்டு இடங்களில் முன்னைவிடச் சீக்கிரம் பணம் வந்திருக்கிறது. வட்டியையும் சேர்த்துத்தானே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் காலத்தை மட்டும் மறைச்சுட்டுத்தான் அனுப்பறனுங்க சார்" என்றார்.