தொட்டாலே வாலை உதறும் குட்டிப் பாம்பு... கோபமா, பயமா?

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு பக்கம் மாட்டுத் தொழுவத்தில் சாரைப்பாம்பு தென்பட்டால், ‘மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்க வந்திருக்கிறது’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அமெரிக்க விவசாயிகளும் தங்கள் தொழுவங்களில் திரிந்த ஒரு பாம்பைப் பற்றி இதையேதான் சொன்னார்கள். அதனாலேயே அதற்கு ‘மில்க் ஸ்நேக்’ என்ற பெயரும் வந்தது. உண்மையில், பாம்பின் வாய் அமைப்பால் பாலை உறிஞ்சிக் குடிக்க முடியாது. இரண்டு பாம்புகளும் தொழுவத்துக்கு வருவது எலிக்காகத்தான்!

சிவப்பு, கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்ட மில்க் ஸ்நேக்குக்கு விஷம் கிடையாது. அதனால் வெளிநாடுகளில் பலர் இதைச் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள்.

குட்டியின் குணம் என்ன?

முட்டையிலிருந்து வெளிவரும்போது குட்டி சுமார் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பறவை, பெரிய பாம்பு என யார் வேண்டுமானாலும் அதை விழுங்கிவிடலாம். எனவே, கையில் எடுத்தால் நிற்காமல் நெளியும். வாலைப் படபடவென உதறும். துர்நாற்றம் வீசும் திரவத்தைப் பீய்ச்சும். சில சமயம் கடிக்கவும் செய்யும். இவை எல்லாமே பயத்தின் வெளிப்பாடுதான்.

கையாளும் முறை

* புது இடத்துக்கு வந்த குட்டியை ஒரு வாரமாவது தொடாமல் விட வேண்டும்.
* மேலிருந்து கை நீட்டினால் பருந்து வருவதுபோல மிரளும். பக்கவாட்டிலிருந்து, உடல் முழுவதையும் தாங்கி எடுக்க வேண்டும்.
* ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும்.
* இரை விழுங்கிய பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது. தோல் உரிக்கும் நேரத்திலும் அப்படியே.
* தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றிடமிருந்து சால்மோனெல்லா கிருமி பரவலாம்.

வளர வளர மிரட்சி குறையும். ஆனால் அது பாசமல்ல; ‘இந்தக் கையால் ஆபத்தில்லை’ என்ற பழக்கம் மட்டுமே.

நம் ஊரில்..?

2022 ஆகஸ்ட்டில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் ஒரு குரங்கு, இரண்டு ஆமைகள், ஐந்து மலைப்பாம்புகளோடு 15 கிங் ஸ்நேக்குகளும் சிக்கின. இவை மில்க் ஸ்நேக்கின் நெருங்கிய உறவுகள். கைப்பற்றப்பட்ட உயிரினங்கள் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டன. கையில் எடுத்தாலே நடுங்கும் பிராணிக்குப் பெட்டிக்குள் அடைபட்ட விமானப் பயணம் எப்படி இருந்திருக்கும்?

‘வெளிநாட்டுப் பாம்பு வேண்டாம், நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்க்கலாமே’ என்றால், அதுவும் முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் சாரைப்பாம்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

ஆபத்தும் இருக்கிறது. விஷமில்லாத ஓநாய்ப் பாம்பும், கடும் விஷமுள்ள கட்டுவிரியனும் பட்டைகளோடு பார்க்க ஒன்றுபோல இருக்கும். குட்டிதானே என்று கையில் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தப் பாம்பு கடித்தாலும் உடனே 108-ஐ அழைத்து, மருத்துவமனைக்குச் செல்வதே வழி.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லலாம். வயலில் சாரையைக் கண்டால் இரண்டடி ஒதுங்கி வழிவிடுங்கள். எலிகளை அது பார்த்துக்கொள்ளும்!