மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது, சாமை?

உயர் ரத்த அழுத்தம் வலிக்காது. 140/90-ஐத் தாண்டிய பிறகும் ஆள் நன்றாகத்தான் இருப்பார். கிழங்கு பிடுங்குவார், மரமேறி மிளகு பறிப்பார். உடம்புக்கு ஒன்றும் தெரியாதபோது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் எதற்கு நிற்க வேண்டும்? கொல்லிமலையின் திருப்புலி நாடு போன்ற ஊர்களில் இது நியாயமான கேள்வி. அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசில்லை. அதை வாங்கப் போகும் நாளுக்குத்தான் காசு. மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி, சமவெளியில் 30,000. தலைக்கணக்கில் இது சலுகைதான். சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு நடை குறையாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தக் கூலிக் கணக்கைப் புரிந்துகொண்ட திட்டம். பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார்.

கூடவே, சர்க்கரை ஏறாமலிருக்க "அரிசியைக் குறைங்க, சிறுதானியம் சாப்பிடுங்க" என்ற அறிவுரையும் வரும். யாரிடம் சொல்கிறோம்! சாமையும் தினையும் கேழ்வரகும் தலைமுறைகளாக விளைந்த மலை கொல்லிமலை. அவை தட்டிலிருந்து விலகியதற்குக் காரணங்கள் உண்டு. சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி போட்டால் கையில் பணம் வந்தது. 2011 முதல் ரேஷன் அரிசியும் இலவசம். இவற்றைவிட வலுவான காரணம் உரலும் உலக்கையும். சாமையின் உமி கெட்டியானது. ஒருவேளைச் சோற்றுக்குப் பெண்கள் தோள் வலிக்க இடித்தாக வேண்டும். அரிசியை அப்படியே உலையில் போடலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களை மீட்கும் வேலையில் உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களில் நிறுவியது. சத்துணவுச் சுவரொட்டிகளைவிட இதைத்தான் நான் பெரிய சுகாதாரப் பணி என்பேன். ஒன்று கவனிக்க வேண்டும்: வெள்ளையாகத் தீட்டிய சாமை பார்க்க அழகு, ஆனால் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும் நார்ச்சத்து தவிட்டோடு போயிருக்கும்.

கேழ்வரகுக்கு இந்த உமித் தொல்லை இல்லை, அரைத்தால் போதும். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் 10-ஐத் தொடாது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கொல்லிமலைச் சாமையை அந்த மலையிலேயே கொள்முதல் செய்து, உமி மட்டும் நீக்கி, அதே ரேஷன் கடையில் போட்டால் தன்னார்வலரின் அறிவுரைப்படி உலை வைக்க யாரும் உலக்கையைத் தூக்க வேண்டியிருக்காது.