மூலப்பிரதி எங்கே இருக்கிறது? பழைய தொலைக்காட்சித் தொடர்களின் மறுபதிப்பு குறித்துச் சில குறிப்புகள்

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்குத் தெரியும்: ஓலை செல்லரிக்கும், அதனால் பெயர்த்தெழுத வேண்டும், பெயர்த்தெழுதினால் கை தவறும், கை தவறாத இடத்தில் எழுதுகிறவனின் மனசு குறுக்கே புகுந்துவிடும். பாடபேதம், இடைச்செருகல், விடுபாடு என்று நாம் பேசுவதில் பாதிக்குமேல் பாதுகாக்கப் போய் வந்த வினைதான். இந்தச் சங்கதி இப்போது தொலைக்காட்சிக்கும் வந்துவிட்டது. 1960களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை எடுக்கப்பட்ட அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களை 'ரீமாஸ்டர்' செய்து எச்.டி. திரைக்கு ஏற்ற விதமாக வெளியிடும் வேலை சுமார் இருபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. 'முன்பைவிடத் தெளிவாக' என்பது விளம்பரம். எது தெளிவாகிறது, எது காணாமல் போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது நம்முடைய கேள்வி. தொழில்நுட்பம் தெரியாமல் பிரதி, அதிகாரம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் பழைய ஒளிபரப்பு முறையான என்.டி.எஸ்.சி.யில் ஒரு படத்துக்கு 525 வரிகள். கண்ணுக்குத் தெரிபவை ஏறத்தாழ 480. பிரிட்டனும் இந்தியாவும் எடுத்துக்கொண்ட பால் முறையில் 625, தெரிபவை 576. எச்.டி.யில் 1080. ஆக, டேப்பில் பதிவான பிம்பத்தை எச்.டி.க்குக் கொண்டுபோவது என்பது துண்டை இழுத்துப் போர்வையாக்குகிற காரியம்; துணி கூடாது, இழைதான் விலகும். 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது வேறு விஷயம். அந்த நெகடிவில் எச்.டி.யைவிட அதிக விவரம் கிடக்கிறது. வீட்டுப் பெட்டியில் யாரும் அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அப்போ நெகடிவை எடுத்து மறுபடி ஸ்கேன் பண்ணினால் போச்சு என்று தோன்றும். படத்தொகுப்பும் ஃபிலிமிலேயே முடிந்திருந்து, தந்திரக் காட்சிகளும் இல்லாதிருந்தால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

1966 முதல் 1969 வரை என்.பி.சி.யில் வந்த 'ஸ்டார் ட்ரெக்' முழுக்க ஃபிலிமிலேயே தொகுக்கப்பட்டது. மொத்தம் 79 அத்தியாயங்கள். தந்திரக் காட்சிகளையும் ஃபிலிமிலேயே ஒட்டினார்கள். கப்பல் ஒரு சுருள், நட்சத்திரங்கள் ஒரு சுருள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றாவது சுருளில் ஏற்றுவது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் துகள் கூடும், அழுக்கு சேரும், நிறம் மங்கும். நடிகர்கள் பேசும் காட்சிகளை எச்.டி.யில் பார்த்தால் நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது. அடுத்த வெட்டில் கப்பல் வந்தால் சாம்பல் படிந்த மாதிரி. 2006இல் சி.பி.எஸ். நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. கப்பல் வரும் காட்சிகளையெல்லாம் எடுத்துவிட்டு, கணினி வரைகலையில் புதுக் கப்பல் செய்து அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். அதாவது இடைச்செருகல். நேர்மையாக அறிவித்துச் செய்யப்பட்ட இடைச்செருகல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2009இல் ப்ளூ-ரே வட்டில் வந்தபோது பழையது, புதியது இரண்டையும் வைத்து, எதைப் பார்ப்பது என்று பார்வையாளரையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவதுபோல. இணையவழி ஓடவிடுகிற நிறுவனங்கள் இந்த மரியாதையைத் தருவது அபூர்வம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கப்பலின் 11 அடி நீள மாதிரி 1974இலேயே அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள வான், விண்வெளி அருங்காட்சியகத்துக்காரர்கள் அதைச் செப்பனிட்டு 2016இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். எப்படிச் செப்பனிட்டார்கள்? 1967 ஆகஸ்டில் படப்பிடிப்புத் தளத்தில் எப்படி இருந்ததோ அப்படி. பிற்காலத்தில் பூசிய வர்ணங்களைச் சந்தேகித்து, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு படலமாக ஆராய்ந்தார்கள். ஆக, மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன பொருளுக்கு அகழ்வாராய்ச்சி நடந்தது. அதே பொருளின் பிம்பத்துக்கோ மாற்றாள் வந்தாயிற்று. இரண்டும் 'மீட்பு' என்கிற ஒரே சொல்லால்தான் அழைக்கப்படுகின்றன.

அடுத்து வந்த 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' (1987-1994) இதைவிடச் சிக்கலானது. கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது. படப்பிடிப்பு 35 மி.மீ. ஃபிலிமில். கப்பல் மாதிரிகளும் ஃபிலிமில்தான். கணினியால் இயங்கும் கேமரா ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போய்வரும். ஒரு தடவை கப்பலின் உடல், ஒரு தடவை ஜன்னல் விளக்குகள் மட்டும், ஒரு தடவை எஞ்சின் வெளிச்சம், ஒரு தடவை நிழலுரு. ஆனால் இவற்றை ஒட்டியதும், காட்சிகளை வெட்டித் தொகுத்ததும் வீடியோ டேப்பில். காரணம் எளிது: வாரத்துக்கு ஒன்று என்று ஓடும் தொடருக்கு ஃபிலிமில் ஒட்டிக்கொண்டிருக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. யார் வீட்டிலும் 480 வரிகளுக்குமேல் தெரியப்போவதில்லை என்கிறபோது என்ன நஷ்டம்? துப்பாக்கியின் ஒளிக்கதிர், ஆள் மறைந்து தோன்றும் மினுமினுப்பு போன்றவை ஃபிலிமைத் தொடவே இல்லை. டேப்பில் பிறந்து டேப்பிலேயே முடிந்தன.

ஆகவே, அந்தத் தொடர் முழுமையாக எந்த ஃபிலிமிலும் இருந்ததில்லை. இருந்தவை துண்டுகள். 2012க்கு முந்தைய நாட்களில் இதை எச்.டி. ஆக்கக் கிளம்பியவர்கள் தொடரை முதலிலிருந்து மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. 25,000க்கும் அதிகமான ஃபிலிம் சுருள்களைக் கிடங்குகளிலிருந்து எடுத்தார்கள். பழைய டேப்பை ஒரு பக்கம் ஓடவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் எந்தச் சுருளில் எந்த இடம் என்று தேடிப் பொருத்தினார்கள். கப்பலின் தனித்தனிச் சுற்றுகளை ஸ்கேன் செய்து கணினியில் புதிதாக ஒட்டினார்கள். ஒளிக்கதிர்களையும் பல கிரகங்களையும் புதிதாக வரைந்தார்கள். சுருளே கிடைக்காத சில வினாடிகளுக்குப் பழைய டேப்பைப் பெருக்கி ஒட்டுப்போட்டார்கள். 178 அத்தியாயங்கள். முதல் பருவத்தின் வட்டு 2012 ஜூலையில், ஏழாவது 2014 டிசம்பரில். என் மதிப்பீட்டில் இதுவரை நடந்தவற்றில் மிக நேர்மையான வேலை இதுதான். புதுக் கப்பல் செய்து வைத்துவிடலாம் என்கிற சுலபமான வழி கண்ணெதிரே இருந்தும், மாதிரிகளைச் செய்தவர்களின் கையும் விளக்குப் போட்டவர்களின் கண்ணும் பிம்பத்தில் மிஞ்சட்டும் என்று விட்டுவைத்தார்கள்.

இங்கே ஒரு தத்துவக் குழப்பம் எழுகிறது. வால்டர் பெஞ்சமின் 1930களில் இயந்திர மறுஉற்பத்தி பற்றி எழுதியபோது, மூலம் முதலில், பிரதிகள் பிறகு என்கிற வரிசை தகர்வதைப் பற்றிப் பேசினார்; ஒரு நெகடிவிலிருந்து எத்தனையோ படிகள் போடலாம், அதில் 'அசல் படி' எது என்று கேட்பதில் அர்த்தமில்லை என்றார். நாம் பார்த்துக்கொண்டிருப்பது அதற்கும் ஒரு படி தள்ளி. 1987இல் லட்சக்கணக்கானோர் பார்த்தது டேப்பை. நெகடிவில் தொடரே இல்லை. 25 வருஷம் கழித்து நெகடிவிலிருந்து எடுத்த எச்.டி. பிரதியை 'மூலத்துக்கு மிக நெருக்கமானது' என்கிறார்கள். எந்த மூலத்துக்கு? பிரதி முந்திவிட்டது, மூலம் பின்னால் வந்து சேர்ந்தது. செட்டின் சுவரில் இருந்த வரைபடங்களில் கலைஞர்கள் விளையாட்டாக ஒரு வாத்தையும் வரைந்து வைத்திருந்தார்கள்; 480 வரிகளில் யார் கண்ணிலும் படாது என்கிற நம்பிக்கை. இப்போது அது நன்றாகவே தெரிகிறது. தெரியக்கூடாது என்று நினைத்து எழுதியது தெரியவரும்போது பிரதியின் பொருள் மாறுகிறதா இல்லையா? வாசகனே பிரதியை உருவாக்குகிறான் என்று பேசுகிற நண்பர்கள், கண்ணாடி மாற்றிய வாசகனையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

'பாபிலோன் 5' கதை சோகமானது. 1993இல் முன்னோட்டப் படம், 1994 முதல் 1998 வரை தொடர். கப்பல் மாதிரிகளே கிடையாது. விண்வெளிக் காட்சிகள் எல்லாம் கணினி வரைகலை. ஃபௌண்டேஷன் இமேஜிங் என்கிற சின்ன நிறுவனம் அமிகா என்கிற மலிவான கணினிகளில் லைட்வேவ் மென்பொருளை வைத்து ஆரம்பித்தது. பெரிய ஸ்டூடியோக்கள்தான் முடியும் என்றிருந்த வேலையை நாலு பேர் மேஜையில் உட்கார்ந்து செய்துகாட்டினார்கள். ஆனால் அவர்கள் கணக்கிட்டு எடுத்த பிம்பம் டேப்பின் அளவுக்குத்தான். பெரிதாக எடுத்திருந்தால் கணினி பல மடங்கு நேரம் தின்றிருக்கும். நடிகர்கள் வரும் காட்சிகளை ஃபிலிமில், வருங்கால அகலத்திரையை மனதில் வைத்தே எடுத்தார்கள். பிற்பாடு அகலத்திரைப் பதிப்பு வந்தபோது வரைகலைக் காட்சிகளின் மேலையும் கீழையும் வெட்டி, மிச்சத்தை ஊதிப் பெருக்கினார்கள். பார்க்கச் சகிக்காது. நடிகர் நடந்து வருகிறார், பின்னணியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் தெரிந்தால் போதும், முழுக் காட்சியும் கலங்கிவிடும்.

மாதிரிகளின் கணினிக் கோப்புகள் இருந்தால் மறுபடி கணக்கிட்டு எடுத்துவிடலாமே? எடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்புகளை நிறுவனம் ஒழுங்காகச் சேர்த்துவைக்கவில்லை. மூன்று பருவங்கள் முடிந்ததும் வேலை வேறு நிறுவனத்துக்கு மாறியது. பிறகு இரண்டு நிறுவனங்களும் மூடப்பட்டன. நெகடிவைப் பாதுகாக்க வேண்டும் என்பது ஸ்டூடியோக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஒரு தொழிலாளி உருவாக்கிய கோப்பு அப்படிப்பட்ட சொத்து என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. 2021இல் வந்த எச்.டி. பதிப்பு ஃபிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்து, பழைய 4:3 சட்டகத்துக்கே திரும்பி, வரைகலையை மென்பொருளால் பெருக்கிச் சேர்த்தது. இருப்பதை வைத்துச் செய்ததில் சுமாரான நாணயம். ஆனால் பெருக்கும் மென்பொருள் என்பது இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புவது. சிதைந்த ஏட்டில் எழுத்து உதிர்ந்த இடத்தைப் புலவர் தம் சொந்தச் சரக்கால் நிரப்பிய கதைதான். புலவருக்காவது யாப்பு தெரியும்.

சட்டகத்தைச் சொன்னேன். பழைய பெட்டி 4:3, இன்றைய திரை 16:9. இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று நிறுவனங்கள் தாமாகவே முடிவுகட்டி, மேலும் கீழும் வெட்டுகின்றன. அல்லது ஃபிலிமின் ஓரத்தில் ஒளிபரப்பாத பகுதி இருந்தால் அதைத் திறந்துவிடுகின்றன. 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' 2014இல் அப்படித் திறக்கப்பட்டபோது, ஓரத்தில் நின்ற படப்பிடிப்பு ஊழியர்களும் கருவிகளும் உள்ளே வந்துவிட்டார்கள். பகலில் எடுத்து இரவாக நிறம் மாற்றிய காட்சிகளில் அந்த நிறமாற்றத்தைப் போட மறந்ததால், சூரியன் பட்டால் சாம்பலாக வேண்டிய இரத்தக்காட்டேரிகள் பட்டப்பகலில் உலாத்தின. 2007இல் வந்த 'மேட் மென்' தொடரின் 4கே பதிப்பு 2025 டிசம்பரில் எச்.பி.ஓ. மாக்ஸில் வெளியானபோது இன்னும் கூத்து: ஒரு பாத்திரம் வாந்தியெடுக்கும் காட்சியில் குழாயை இயக்கிய தொழிலாளிகள் அப்படியே தெரிந்தார்கள். முதல் ஒளிபரப்பில் அவர்களைக் கணினியில் அழித்திருந்தார்கள். புதுப் பதிப்பில் அழித்த பிரதிக்குப் பதில் அழிக்காத பிரதி போய்விட்டது. உழைப்பை மறைப்பதுதான் பண்டத்தின் இயல்பு என்று படித்தவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா என்ன.

வெட்டுவதில் நேரும் இழப்பு இன்னும் நுணுக்கமானது. 'சைன்ஃபெல்ட்' தொடரில் சாலைக்குழியைப் பற்றி ஓர் அத்தியாயம். 2021இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது ஒரு காட்சியில் குழி சட்டகத்துக்குக் கீழே போய்விட்டது. ஆட்கள் வெறுமையைப் பார்த்துப் பேசுகிறார்கள். 'தி சிம்ப்ஸன்ஸ்' தொடரில் பீர் ஆலைக் காட்சி ஒன்று உண்டு. டஃப், டஃப் லைட், டஃப் ட்ரை என்று மூன்று பெரிய தொட்டிகள், மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து ஒரே பீர் இறங்குகிறது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் மேல்பகுதியை வெட்டியதில் அந்தக் குழாய் போய்விட்டது. மிஞ்சியது மூன்று தொட்டி, மூன்று பெயர். சந்தையின் 'தேர்வுச் சுதந்திரம்' பற்றிய கிண்டல், அந்தச் சுதந்திரத்துக்கே விளம்பரமாகிவிட்டது. யாரும் தணிக்கை செய்யவில்லை. உத்தரவு போட்ட ஆளும் இல்லை. பார்வையாளர்கள் சத்தம்போட்டார்கள், 2020 மே மாதம் பழைய சட்டகத்தையும் தேர்ந்தெடுக்கலாம் என்று வசதி செய்துகொடுத்தார்கள். சத்தம்போடுவதற்கு எல்லாத் தொடருக்கும் அவ்வளவு கூட்டம் இருக்காது.

பிரிட்டனைப் பற்றி ஒரு செய்தி மட்டும். பி.பி.சி. 1960கள், 70களில் தன் டேப்புகளை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியது. 'டாக்டர் ஹூ'வின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் அப்படிப் போயின. போகாதவையும் பெரும்பாலும் டேப் என்பதால் உண்மையான எச்.டி.க்கு வழியில்லை. பழைய தொடரில் ஒரே ஒரு கதைக்கு மட்டும் விதிவிலக்கு: 1970இல் வந்த 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்'. அப்போது பி.பி.சி.யில் வேலைநிறுத்தம். ஸ்டூடியோ கிடைக்கவில்லை. வேறு வழியின்றி முழுக்கதையையும் வெளியிடத்தில் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். 2013இல் அது ப்ளூ-ரேயில் வந்தது. ஆவணக்காப்பகத்தின் தொலைநோக்கு சாதிக்காததைத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் இருந்தது சாதித்தது.

எதை மீட்பது என்று முடிவுசெய்வது கடைசியில் பணம்தான். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வட்டுகள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை; அதற்குள் மக்கள் வட்டு வாங்குவதையே விட்டுவிட்டிருந்தார்கள். அதனால் அடுத்த தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' (1993-1999) டேப்பிலேயே நின்றுவிட்டது. அதன் பிற்பகுதியில் வரைகலை நிறைய. பாபிலோன் 5இன் சிக்கலும் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் சிக்கலும் ஒன்றாகச் சேர்ந்தது. ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் விடுபட்ட ஒரு மக்களைப் பற்றிய தொடர் அது. 1996இல் வந்த ஓர் அத்தியாயத்தில் மதுக்கடைப் பணியாளர்கள் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்கிறார்கள், தலைவர் முதலாளியிடம் கம்யூனிஸ்ட் அறிக்கையிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். 1998இல் வந்த 'ஃபார் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' 1950களின் நியூயார்க்கில் நடக்கிறது. ஒரு கறுப்பின எழுத்தாளர் கறுப்பின நாயகனை வைத்துக் கதை எழுதுகிறார். அதை வெளியிட விரும்பாத பத்திரிகை முதலாளி அந்த மாத இதழ் முழுவதையும் கூழாக்கிவிடுகிறார். தொடரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தவர்கள், பார்வையாளர்களிடம் நிதி திரட்டிச் சில காட்சிகளை மட்டும் நெகடிவிலிருந்து ஸ்கேன் செய்து 2019இல் காட்டினார்கள். மற்ற சுருள்கள் கிடங்கில் இருக்கின்றன. அந்த எழுத்தாளரின் கதையும் முழுதாகக் கிடைப்பது 480 வரிகளில்தான்.