காயம் பட்டால் உடம்புக்குள் ஒரு பெரட்டு



வெட்டுக்கத்தி விரலில் பட்டுவிடுகிறது. செம்பனை முள் காலில் ஏறிவிடுகிறது. நம் வேலையில் இது நடப்பதுதான். வருகிறவர்கள், "டிரசரையா, சீக்கிரம் ஆறுற மாதிரி நல்ல மருந்தா போடுங்க" என்கிறார்கள். நாங்கள் போடும் மருந்து கிருமியைத்தான் தடுக்கும். புண்ணை ஆற்றுவது உங்கள் உடம்பேதான். எப்படி என்று பார்ப்போம்.

பால்வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டையை அளவாகச் சீவினால் புதுப்பட்டை வளர்கிறது. கத்தி ஆழமாகப் போனால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடுகிறது. நம் தோலும் அப்படித்தான்.

தோலுக்கு அடியில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் உள்ளன. புதுச்சதைக்கு வேண்டிய நாரை நெய்பவை இவையே. இவற்றை வேலைக்குக் கூப்பிடச் சில புரதங்கள் உண்டு. அவற்றுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சி ஊக்கிகள் என்று பெயர். காலைப் பெரட்டில் தண்டல் பேர் கூப்பிட்டு நிறை பிரித்துக் கொடுக்கிறார் அல்லவா, அந்த வேலை இவற்றுடையது. கோஸ்போடரோவிச் என்ற விஞ்ஞானி மாட்டின் பிட்யூட்டரி சுரப்பியில் இப்பொருளைக் கண்டு 1974இல் எழுதினார். மனித உடம்பில் 22 வகை இருப்பதாக இன்று அறிகிறோம்.

வெட்டுப்பட்டதும் இரத்தம் உறைகிறது. அடுத்த இரண்டு மூன்று நாள் வெள்ளை அணுக்கள் கிருமியையும் அழுக்கையும் கூட்டித் தள்ளும். வீக்கமும் சூடும் அதனால்தான். பிறகு ஊக்கிகளின் அழைப்பில் மூன்று வேலை நடக்கும்: நார் நெய்யப்படும், புது இரத்தக் குழாய்கள் முளைக்கும், ஓரத்துத் தோல் நடுவை நோக்கி ஊரும். புண்ணில் சிவப்பாகப் பொரிப்பொரியாகத் தெரிவது நல்ல சதை. சுரண்டாதீர்கள்.

இந்த ஊக்கிகளுக்கு வேறு வேலையும் உண்டு. கருவில் குழந்தையின் கைகால் முளைப்பதற்கு இவை வேண்டும். எலும்பில் உண்டாகும் ஒரு வகை, அதிகமான பாஸ்பேட் உப்பைச் சிறுநீரில் கழிக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. சில பிள்ளைகள் கைகால் குட்டையாகப் பிறப்பதற்கு, இந்த அழைப்பை வாங்கும் உறுப்பில் உள்ள பிறவி மாற்றம் காரணம் என 1994இல் கண்டுபிடித்தார்கள். அது கிரகணத்தாலும் அல்ல, தாயின் குற்றத்தாலும் அல்ல.

இப்போது முக்கியமான விஷயம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்த அழைப்பு சரியாகப் போய்ச் சேருவதில்லை. நாள்பட்ட புண்ணிலோ ஊக்கிகளே அரிக்கப்பட்டுவிடும். எனக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவருக்குக் குதிகாலில் முள் குத்தியது. "வலிக்கலையே" என்று காப்பித்தூளை வைத்துக் கட்டி, மூன்று வாரம் வேலைக்குப் போனார். இனிப்புநீரால் கால் மரத்துப்போனதால்தான் வலிக்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள். தமக்கு இனிப்புநீர் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும்.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. காயத்தை ஓடும் சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, சுத்தத் துணியால் மூடுங்கள். காப்பித்தூள், புகையிலை, மண் வேண்டாம்.

2. ஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

3. நார் நெய்யப் புரதம் வேண்டும். முட்டை, நெத்திலி, பருப்பு, கூடவே கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். "புண்ணுக்கு மீன் ஆகாது" என்று பட்டினி போடாதீர்கள்.

4. சிகரெட் இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். புண் ஆறும்வரையாவது தொடாதீர்கள்.

5. இனிப்புநீர் உள்ளவர்கள் தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண்ணானாலும் மறுநாளே வாருங்கள்.

6. மற்றவர்கள், இரண்டு வாரத்தில் ஆறாத புண் என்றால் இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

வேலையில் பட்ட காயமானால் அன்றே தண்டலிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பின்னால் சொக்சோவில் கேட்பதற்கு அது உதவும். "சின்னக் காயந்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.