பால்குடத்தை மட்டும் பாராதீர்



ஜோகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரில் நாம் முதலில் கால்வைக்கும் ஊர் உட்லண்ட்ஸ். அதற்கு மேற்கே சிறிது தொலைவில் கிராஞ்சி நீர்த்தேக்கம் இருக்கிறது. 1970களில் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி, குடிநீருக்காக அமைத்தது அது. பண்ணைக் கழிவு அந்த நீரில் கலக்கக்கூடாது என்பதற்காக, அவ்வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகள் பொங்கோல் பக்கம் மாற்றப்பட்டன. 1984இல் நாடு முழுவதும் பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்துவதென்று அரசு முடிவு செய்தது.

மாட்டுக் கொட்டகைகளின் கதையும் இப்படிப்பட்டதே. இன்று நாம் லிட்டில் இந்தியா என்று அழைக்கும் சிராங்கூன் சாலைப் பகுதியில், தண்ணீரும் புல்லும் இருந்ததால் ஒரு காலத்தில் மாட்டு வணிகம் செழித்தது. பஃபலோ ரோடு என்ற பெயரும், எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் அதற்குச் சாட்சி. நம்மவர் பலர் அங்கே பால் கறந்து, வீடு வீடாக ஊற்றிப் பிழைத்தார்கள். மக்கள் நெருக்கம் மிகுந்தபோது கொட்டகைகள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. பால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாணத்துக்கும் கழிவுநீருக்கும் போக்கிடம் இல்லை.

ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி பால் நிறுவையை மட்டுமா பார்க்கிறார்? மரத்தின் பட்டையையும் பார்க்கிறார் அல்லவா? ஆழமாக வெட்டி இன்று பால் மிகுதியாக எடுத்தால் மரத்தில் காயம் விழும். நாளைக்குப் பட்டை இராது. மாட்டுப் பண்ணையையும் அப்படித்தான் அளக்க வேண்டும்.

முதலில் மாட்டைப் பார்ப்போம். 1965இல் இங்கிலாந்தில் பிராம்பெல் குழு தந்த அறிக்கையிலிருந்து வளர்ந்த ஐந்து விதிகளை இன்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். பசி தாகம் இருக்கக்கூடாது, இருப்பிடத்தில் அவதி கூடாது, வலியும் நோயும் கூடாது, அச்சம் கூடாது, மாடு மாடாக நடந்துகொள்ள இடம் வேண்டும்.

இவற்றை அறியக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். விலா எலும்புகள் துருத்திக்கொண்டு நிற்கின்றனவா? நடக்கும்போது முதுகு வளைந்து, ஒரு காலைத் தாங்குகிறதா? அப்படியானால் குளம்பில் நோவு. முழங்காலில் மயிர் உதிர்ந்து புண் இருந்தால் தரை கரடுமுரடு என்று பொருள். நல்ல இடம் கிடைத்தால் கறவை மாடு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்து அசைபோடும். படுக்காமலே நின்றால் படுக்கை ஈரமா என்று பாருங்கள். வெயில் நேரத்தில் விலாவின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60க்கு மேல் போனால் வெப்பம் தாக்குகிறது. நிழலும் தண்ணீரும் தாருங்கள். ஒரு லிட்டர் பால் சுரக்க மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை தண்ணீர் தேவை. கறக்கும் முன் முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக இருந்தால் மடிநோய். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்து, மண்ணையும் நீரையும் பார்ப்போம். ஒரு மாடு நாள்தோறும் பத்துக் கிலோவுக்கு மேல் சாணம் போடும். அது மழையில் கரைந்து ஓடைக்குப் போகிறதா, எருக்குழிக்குப் போகிறதா? ஓடைக்குப் போனால் கீழே இருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. குழிக்குப் போனால் கீரைப் பாத்திக்கு எரு. வசதி இருந்தால் அடுப்புக்குச் சாண எரிவாயு. கொட்டகையைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட, கூரையைச் சற்று உயரமாக அமைப்பது நல்லது.

மூன்றாவதாக ஆண்டுகளை எண்ணுவோம். இரண்டு ஈற்றோடு ஓய்ந்துபோகும் மாட்டைவிட, ஆறேழு ஈற்று நலமாக நிற்கும் மாடே வீட்டுக்கு லாபம். கன்று ஊட்டும் பாலைக் குறைத்து இன்று விற்றால் நாளைக்குக் கறவை ஏது?

ஆகவே நேயர்களே, வாரம் ஒருமுறை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிவாருங்கள். மாட்டின் நடை, படுக்கை, சாணம் போகும் வழி ஆகிய மூன்றையும் அவர்களே பார்த்துச் சொல்லட்டும். அயலாருக்கு இடையூறு இல்லாத கொட்டகையை யாரும் எளிதில் அகற்றச் சொல்லமாட்டார்கள். மாடும் நலமாக இருக்கும், பிழைப்பும் நிலைக்கும்.